ஆவாரம் பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல்: நாலு வருடம் புழங்கிய பிறகு

2021 மார்ச்சில் வீட்டு மொட்டைமாடியில் மூன்று வெள்ளாட்டுத் தோல்களைப் பதனிட்டேன். இரண்டு இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று உளிகளைச் சுருட்டி வைக்கும் பை, இன்னொன்று மர நாற்காலியின் இருக்கை. மூன்றாவது, ஒரே வருடத்தில் மடித்த இடமெல்லாம் வெடித்துவிட்டது. மூன்றுக்கும் ஒரே பட்டை, ஒரே எண்ணெய். வித்தியாசம் சுண்ணாம்பில்தான் வந்தது.

தோல் கறிக்கடையில் சும்மாவே கிடைத்தது. உரித்த கையோடு சதைப்பக்கம் முழுக்கக் கல்லுப்பு தேய்த்துவிட வேண்டும். நம் வெயிலில் தாமதித்தால் முடி தானாகவே கழன்று வரும். அது அழுகல், மேல்தோலும் கூடவே போய்விடும்.

முடியைக் கழற்றத்தான் சுண்ணாம்பு. பிளாஸ்டிக் டிரம்மில் 15 லிட்டர் தண்ணீர், 400 கிராம் நீற்றிய சுண்ணாம்பு, அதில் தோல்களை ஊறப்போட்டேன். சுண்ணாம்பு ஓர் அளவுக்கு மேல் தண்ணீரில் கரையாது. மிச்சம் அடியில் தங்கி, கரைந்தது தீரத் தீர ஈடுகொடுக்கும். அதனால் கொஞ்சம் கூடிப்போனாலும் பயமில்லை. தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் சோடியம் சல்ஃபைடும் சேர்ப்பார்கள், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அதில் அமிலம் பட்டால் கிளம்பும் வாயு ஆளையே கொல்லும். வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். வெறும் சுண்ணாம்புக்கே கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

தினமும் இரண்டு வேளை கிளறிவிட்டேன். நாலாம் நாளே வயிற்றுப் பக்கத்தில் முடி வரத் தொடங்கியது. அதைப் பார்த்து எடுத்துவிடக் கூடாது. கழுத்தும் முதுகும்தான் தடிமன், அவை கடைசியில்தான் விடும். ஏழாம் நாள் கழுத்தில் ஒரு கொத்தைக் கட்டைவிரலால் தள்ளினேன். ஈரத் துணி மாதிரி சுருண்டு மொத்தமாக வந்தது. உருண்டை மரத்துண்டில் தோலைப் போட்டு, கத்தியின் முதுகால் கீழ்நோக்கித் தள்ளினால் போதும். முடி போன பிறகும் அழுத்தித் தள்ளுங்கள். துளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஓர் அழுக்கு வரும். அது வெளியேறும் வரை விடக்கூடாது.

இனிமேல்தான் நான் தப்பு செய்த இடம். முதல் இரண்டு தோல்களை ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, பிறகு உள்ளே தங்கிய சுண்ணாம்பை எடுக்க, உரக்கடை அம்மோனியம் சல்பேட் கரைத்த தண்ணீரில் போட்டேன். அமோனியா நெடி அடிக்கும், திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். கழுத்தோரம் சின்னதாக வெட்டி, வெட்டுவாயில் காரம் பட்டால் சிவக்கும் பினாப்தலீன் கரைசலை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சிவந்தால் உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். சிவப்பு மறைந்த பிறகுதான் பட்டைத் தண்ணீரில் இறக்கினேன். மூன்றாவதை அவசரத்தில் இரண்டு முறை அலசியதோடு விட்டுவிட்டேன். பட்டைத் தண்ணீர் பட்டதுமே கருந்திட்டுகள் விழுந்தன. அந்தத் திட்டுகளில்தான் பிறகு வெடிப்பும் தொடங்கியது.

ஆவாரம் பூவின் மகிமையைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், பட்டையைப் பற்றிப் பேச ஆளில்லை. ஒரு காலத்தில் மதராஸிலிருந்து கப்பலேறிய 'ஈஸ்ட் இந்தியா' தோலுக்கு உயிரே இந்தப் பட்டைதான். அப்புறம் வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்தது, குரோமிய உப்பால் பதனிடும் குரோம் முறை வந்தது. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது.

பட்டைத் தண்ணீரை முதலில் நீர்க்கத் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை கெட்டியாக்கினேன். எடுத்த எடுப்பிலேயே கெட்டியாக வைத்தால் மேற்பரப்பு இறுகி, நடுப்பகுதி பச்சையாகவே நின்றுவிடும். 24 நாளில், நடுவே பச்சையாக இருப்பதைக் காட்டும் வெள்ளைக் கோடு வெட்டுவாயில் மறைந்தது. கடைசியாக இரண்டு நாள் கடுக்காய்த் தண்ணீர். பிறகு புங்க எண்ணெய் தடவி நிழலில் காயவைத்தேன்.

நாலு வருடத்தில் இருக்கை நன்றாகப் படிந்திருக்கிறது, தொய்வு இல்லை. ஜன்னல் வெயில் படும் பாதி மட்டும் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. ஆவாரம் பட்டைத் தோல் வெளிச்சத்தில் சிவக்கும். கடுக்காய் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

உளிப் பையில் ஒரு பெரிய குறை உண்டு. மழைக்காலத்தில் இரண்டு மாதம் உளிகளை உள்ளேயே விட்டுவிட்டேன். உளிகளில் துரு, தோலில் உளியின் வடிவத்திலேயே நீலக்கறுப்புக் கறை. துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் மை ஆகிவிடும். எலுமிச்சைச் சாற்றில் கறை கொஞ்சம் வெளுத்தது, முழுக்கப் போகவில்லை. இப்போது வேலைக்கு எடுத்துப்போக மட்டும்தான் அந்தப் பை. பதனிடும்போதும் இரும்பு வாளி கூடாது. நவம்பரில் பூஞ்சை வரும். வினிகர்த் துணியால் துடைத்து, காற்றாட விட்டு, லேசாக எண்ணெய் தடவினால் போய்விடுகிறது.

கழிவையும் சொல்லியாக வேண்டும். பாலாற்றங்கரையில் தோல் கழிவு செய்த நாசம் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. வீட்டில் அளவு சின்னது என்று சாக்கடையில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. உப்பை முதலில் உதறி எடுத்து அடுத்த தோலுக்கு வைத்துக்கொள்கிறேன். சுண்ணாம்புத் தண்ணீரை அகன்ற தொட்டியில் வற்றவிடுகிறேன். கழித்த முடியை நன்றாக அலசி மட்கும் குழியில் போட்டேன். மட்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மூன்றாவது தோலில் வெடிக்காத ஓரங்களை வார்களாக நறுக்கி வைத்திருக்கிறேன். நாற்காலியின் முதுகுப்பக்கத்தைப் பின்னுவதற்கு அவை போதும்.