பழைய கடனுக்கு வழக்கு மிரட்டல்: பேசாமல் இருப்பதா, கொஞ்சம் கட்டுவதா, பதில் எழுதுவதா?

பதிவுத்தபாலில் ஒரு கடிதம். மேலே சட்டத்தரணி ஒருவரின் பெயர், கொழும்பு விலாசம். கீழே, 14 நாட்களுக்குள் முழுத்தொகையும் கட்டாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யப்படும் என்று ஒரு வரி. கடனோ எட்டு ஒன்பது வருடம் பழசு. யுத்தம் முடிந்து ஏ9 பாதை திறந்த பிறகு லீசிங் கம்பனிகளும் பினான்ஸ் கம்பனிகளும் யாழ்ப்பாணத்தில் வரிசையாகக் கிளை போட்ட காலத்தில் எடுத்த ஓட்டோ, மோட்டார் சைக்கிள், லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கடன்களில் பாதியில் நின்றுபோனவை எத்தனையோ. அவற்றில் சிலதுக்கு இப்போது கடன் அறவிடும் ஆட்கள் போன் எடுக்கிறார்கள், கடிதம் போடுகிறார்கள்.

கடிதம் கண்டவுடன் எங்கள் சனம் பெரும்பாலும் நாலு வழியில் ஒன்றைப் பிடிக்கும். ஒன்று, கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பது. இரண்டு, வாயை அடைக்கக் கொஞ்சக் காசு கட்டுவது. மூன்று, லோயரைப் பிடித்துப் பதில் அனுப்புவது. நாலு, பேசித் தீர்ப்பது. அது நேரடியாகவும் இருக்கலாம், மத்தியஸ்த சபையிலும் இருக்கலாம். இவற்றில் ஆக மோசமானது எது என்று கேட்டால் பேசாமல் இருப்பது என்றுதான் அநேகர் சொல்வார்கள். என் கணக்கில் அதைவிட மோசம், திகதி பார்க்காமல் ஆயிரம் ரூபாய் கட்டுவது.

ஏன் திகதி? 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம், லோயர்மார் பிரிஸ்கிரிப்ஷன் என்று சொல்வது, இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் கையெழுத்திட்ட ஒப்பந்தம், புறோநோட்டு (காசைத் திருப்பித் தருவேன் என்று கையெழுத்திட்ட கடன்சீட்டு) என்றால் 6 வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். எழுத்தில்லாமல் வாய்ப்பேச்சில் கொடுத்த கடன் என்றால் 3 வருடம். கடைக்கணக்கு, கூலி, கொப்பியில் எழுதி வாங்கின சாமான் என்றால் 1 வருடம்தான். காணியோ வேறு சொத்தோ ஈடு வைத்த கடனுக்கு 10 வருடம், ஆகவே காணி உறுதியோ வேறு சொத்தோ ஈட்டில் இருந்தால் இங்கே சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணத் தொடங்குவது கடன் எடுத்த நாளிலிருந்து அல்ல, பொதுவாகக் கட்டத் தவறின நாளிலிருந்து. புறோநோட்டு என்றால் பணம் கொடுபடவேண்டிய நாள், அல்லது கடைசியாக வட்டி கட்டின நாள். கொரோனாவால் காலக்கெடுவுக்குள் செய்யமுடியாமல் போனவற்றுக்குச் சலுகை தர 2021இல் வந்த 17ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தையும் சிலர் தூக்கிப் பிடிக்கலாம். உங்கள் ஆறு வருடம் 2020, 2021 பக்கம் முடிகிறதென்றால் இதை லோயரிடம் கட்டாயம் கேளுங்கள்.

இப்போது அந்த ஆயிரம் ரூபாய்க்கு வருவோம். ஒருவர் 2014இல் லீசிங்கில் ஓட்டோ எடுத்தார், கடைசித் தவணை கட்டினது 2016 மார்ச், அதன்பிறகு கட்ட வழியில்லை, கம்பனி ஓட்டோவை இழுத்துக்கொண்டு போய் ஏலத்தில் விற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்ற காசு போக மிச்சம் இவ்வளவு, அதற்கு வட்டி இவ்வளவு என்று இத்தனை வருடம் கழித்து ஒரு போன் வருகிறது. பேசுகிற பொடியன் மரியாதையாகத்தான் பேசுவான். “அண்ணை, நீங்கள் முழுக்கக் கட்டவேண்டாம், ஒரு ஆயிரமாவது போட்டு விடுங்கோ, நான் மேலிடத்துக்குச் சொல்லி பைலை நிப்பாட்டுறன்.” கேட்கும்போது இரக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அதே சட்டத்தின் 12ஆம் பிரிவைப் பாருங்கள். வாயால் “ஓம், தரவேண்டும்” என்று சொன்னது செல்லாது, கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்கிறது. ஆனால் முதலிலோ வட்டியிலோ கட்டின காசின் பலன் குறையாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. அதாவது அந்த ஆயிரத்துக்கான வங்கிச் சீட்டு ஒரு சாட்சி. கடன் இன்னும் உயிரோடு இருக்கிறது, காலம் புதிதாக ஓடுகிறது என்று வாதாட அவர்கள் கையில் நீங்களே கொடுத்த துண்டு. “கட்டுவேன், தவணை தாருங்கள்” என்று எழுதிக் கையெழுத்து வைத்த கடிதத்துக்கும் இதே கதிதான். வாட்ஸ்அப்பிலும் அப்படி ஒன்றும் எழுத வேண்டாம்.

பேசாமல் இருப்பவருக்கு இந்த ஆபத்து இல்லை. அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, எதையும் கட்டவில்லை, காலம் அவர் பக்கம் ஓடுகிறது. அதனால்தான் சும்மா இருப்பதை ஒரு படி மேலே வைத்தேன். ஆனால் அதிலும் ஒரு ஓட்டை உண்டு. கொடுக்கல் வாங்கல் விஷயத்தில், ஒருவர் இன்னது நடந்தது என்று கடிதம் எழுதினால், அதை மறுக்கிறவர் பதில் எழுதத்தான் வேண்டும் என்று சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கில் எங்கள் நாட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் லோயர்மார் எடுத்துக் காட்டுகிறார்கள். கோரிக்கைக் கடிதத்துக்குப் பதில் இல்லை, ஆகவே தொகையை ஏற்றுக்கொண்டார் என்று வழக்கில் கேட்பார்கள். கையெழுத்து இல்லாத மௌனம் காலாவதியைத் தூக்கிவிடாது. ஆனால் கடன் உண்டா, தொகை சரியா என்ற கேள்வியில் அது உங்களுக்கு எதிராக நிற்கும்.

அதனால் பழைய கடனுக்கு நான் கைகாட்டுவது பதில் எழுதுவதைத்தான். ஒரு பக்கம் போதும். கடிதம் கிடைத்த திகதி, அதில் சொன்ன கோரிக்கையை முற்றாக மறுக்கிறேன் என்ற வரி, இந்தக் கடிதத்தில் எதுவும் கடனை ஏற்றுக்கொள்வதாகக் கொள்ளப்படக்கூடாது என்ற வரி, அப்புறம் கேட்கவேண்டியவை: மூல ஒப்பந்தத்தின் பிரதி, ஆரம்பத்திலிருந்து கணக்குக்கூற்று, வாகனம் ஏலம் போன திகதியும் விலையும், கம்பனிக்குப் பதிலாக நீங்கள் அறவிட என்ன அதிகாரம் என்ற பத்திரம். கஷ்டம், வருத்தம், பிள்ளைகளின் படிப்பு என்று ஒன்றும் எழுதக்கூடாது. எங்கள் ஆட்கள் கடிதம் எழுதத் தொடங்கினால் முதலில் வருவது அந்தக் கஷ்டக்கதைதான், அதற்குள்தான் “நான் எடுத்த கடனை” என்ற சொல் வந்து விழும். பதிவுத்தபாலில் அனுப்பி, துண்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். லோயர் மூலம் போனால் இன்னும் நல்லது. வசதியில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அதற்கு யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு.

கடன் இன்னும் ஆறு வருடத்துக்குள் நிற்கிறதென்றால் கதை வேறு. அப்போது மறுத்து எழுதுவது நேரத்தைத்தான் வாங்கும், பேசி முடிப்பதுதான் பொருத்தம். வட்டியையும் தண்டப்பணத்தையும் குறைத்து ஒரே தொகையில் முடிக்கலாமா என்று கேளுங்கள், கம்பனிகள் இணங்குவதுண்டு. ஆனால் காசு கைமாற முதல், இந்தத் தொகையோடு கணக்கு முற்றாக முடிந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கம்பனியின் கடிதத்தாளில் எழுத்து வேண்டும். போனில் பேசுகிறவனின் சொல்லை நம்ப வேண்டாம். கணக்கு முடிந்ததைக் கடன் தகவல் பணியகத்துக்கும், அதுதான் கிறிப், அறிவிக்கச் சொல்லுங்கள், பிறகு வங்கியில் ஒரு வீட்டுக்கடன் கேட்கப் போகும்போது அது உதவும்.

ஊருக்குள் கைமாறின கடனுக்கு, அயலவர், சொந்தக்காரர், சீட்டுக்காசு, கடைக்கணக்கு இப்படியானவற்றுக்கு, மத்தியஸ்த சபை நீதிமன்றத்தைவிட எவ்வளவோ மேல். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபைகள் இவை. சட்டம் குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் முதலில் அங்கேதான் போகவேண்டும். லோயர் ஆஜராக முடியாது, இரண்டு பகுதியும் தாங்களே முன்னுக்கு இருந்து கதைக்கவேண்டும். இணக்கத்தில் கையெழுத்து வைத்தால் அது எழுத்திலான ஏற்பு என்பதை மட்டும் மறக்க வேண்டாம், அங்கே போக முதலும் திகதியைப் பார்த்துக்கொண்டே போங்கள். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அவசரத்துக்கு வாய்ச்சொல்லை நம்பிக் காசு தந்த அயலவருக்கு மூன்று வருடம் கழிந்துவிட்டது என்று சட்டம் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சட்டம் வழக்கைத்தான் தடுக்கிறது. மீற்றர் வட்டிக்காரன், அதாவது கொள்ளை வட்டிக்குக் காசு கொடுக்கிறவன், விஷயம் அப்படியல்ல. அவன் வெறுமையான புறோநோட்டில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால், 1918ஆம் ஆண்டின் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தைப் பற்றி லோயரிடம் கேளுங்கள். முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, முன்கூட்டிக் கழித்தது எவ்வளவு என்று நோட்டில் காட்டாதவனுக்கு அது இடைஞ்சல்.

அழைப்பாணை வந்துவிட்டால் மேலே சொன்ன ஒப்பீடெல்லாம் முடிந்தது. அப்போது பேசாமல் இருப்பது ஒரு தெரிவே இல்லை. காலாவதி என்பதை நீதிபதி தானாகப் பார்த்து வழக்கைத் தள்ளமாட்டார், நீங்கள் மறுமொழியில் எழுப்பவேண்டும். போகாமல் விட்டால் ஒருதலைப்பட்ச விசாரணை நடந்து தீர்ப்பு வரும், பன்னிரண்டு வருடப் பழைய கடனுக்கும் வரும், பிறகு தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலர், பிஸ்கால், வீட்டுக்கு வருவார். தீர்ப்பாணை உங்கள் கையில் தரப்பட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் நியாயமான காரணம் காட்டி அதை நீக்கக் கேட்கலாம். அந்த வாசலும் சிறியது. வங்கியோ பினான்ஸ் கம்பனியோ 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் போட்ட வழக்கென்றால் இன்னும் இறுக்கம். அங்கே வழக்காடவே முதலில் நீதிமன்றத்திடம் அனுமதி எடுக்கவேண்டும், அதற்குச் சத்தியக்கடதாசியோடு எதிர்வாதத்தை முன்வைக்கவேண்டும், சிலவேளை காசோ பிணையோ கட்டச் சொல்வார்கள். கடிதம் வந்த அன்றே பதில் எழுதி, பத்திரங்களை ஒன்றாகக் கட்டி வைத்தவருக்கு இந்த நாட்களில் அரைவாசி வேலை முடிந்திருக்கும்.

“பொலிஸில் போடுவம்” என்ற மிரட்டலுக்கு: கடன் கட்டாதது பொலிஸ் விஷயமல்ல. ஒரு விலக்கு, காசோலை. கணக்கில் காசில்லை என்று தெரிந்தே கொடுத்த காசோலை திரும்பினால் அதே 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் குற்றம், ஆகவே அந்தக் காலத்தில் பின்திகதி போட்ட காசோலை கொடுத்திருந்தால் அதை லோயரிடம் ஒளிக்காதீர்கள். இரவில் போன் எடுப்பது, வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக்கு வருவது, அயலட்டைக்குக் கேட்கக் கத்துவது, இவற்றுக்கு மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு முறையிடலாம். 2023இல் வந்த நிதி வாடிக்கையாளர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் மத்திய வங்கியின் மேற்பார்வையில் இருக்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். எங்கள் ஊரில் வாசலில் நின்று சத்தம் போட்டால் மானத்துக்காகவே காசு கட்டுவார்கள் என்று அறவிடுகிறவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் மேலே சொன்ன ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது.

கடைசியாகப் பிணை வைத்தவர்களுக்கு. சம்பளப் பத்திரம் இருக்கிறது என்பதற்காக எத்தனை ஆசிரியர்கள், எத்தனை கிளார்க்மார் மற்றவருக்குப் பிணைக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். கடன்காரன் கனடாவில், கடிதம் உங்களுக்கு. பிணைப்பத்திரத்தின் அச்சு எழுத்தில் முதலில் கடன்காரனிடம் கேட்கவேண்டும் என்ற உரிமையை விட்டுக்கொடுத்துத்தான் பெரும்பாலும் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், ஆகவே “அவனிடம் கேளுங்கள்” என்று சொல்லிவிட்டு இருக்க முடியாது. நீங்களும் தனியாகப் பதில் எழுதவேண்டும், மூலக்கடன்காரன் கடைசியாக எப்போது கட்டினான் என்று கணக்குக்கூற்றில் பார்க்கவேண்டும். அவன் அங்கிருந்து போன வருடம் எதாவது அனுப்பியிருக்கிறானா என்று போன் எடுத்து இன்றைக்கே கேளுங்கள்.