கண்ணாடி கேபினெட்: இரண்டு கோடைக்குப் பிறகு

கம்ப்யூட்டர் கேபினெட்டைப் பற்றி, வாங்கிய முதல் வாரத்தில் எழுதினால் லைட்டைப் பற்றி மட்டும்தான் எழுத முடியும். மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு எல்லாம் மாறிய பிறகும் கூடவே இருக்கிற பொருள் கேபினெட். அதன் குணம் தெரிய ஒரு கோடையாவது ஓட வேண்டும். நான் இருப்பது தூத்துக்குடி. உப்புக் காற்று, புழுதி, ஏசி இல்லாத அறை. இங்கே இரண்டு கோடையும் இரண்டு ஐப்பசி மழையும் பார்த்துவிட்ட கேபினெட்டைப் பற்றிச் சொல்கிறேன். கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன். ஐயாயிரத்தைச் சற்றுத் தாண்டிய விலையில் இதே உருவத்தில் பல கம்பெனிகள் விற்கின்றன. ஸ்டிக்கரை உரித்துவிட்டால் எது எதென்று சொல்வது கஷ்டம்.

முன்பக்கமும் இடதுபக்கமும் டெம்பர்டு கிளாஸ். இரண்டும் சேருகிற மூலையில் தூண் கிடையாது. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு வரை, அதாவது 244-க்கு 244 மி.மீ. வரை, உள்ளே போகும். கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸும் ஒயர்களும் போர்டுக்குப் பின்னால் தனி அறையில் ஒளிந்துகொள்ளும். இந்த இரண்டு அறை யோசனை புதிதில்லை. கோர்ஸேர் கம்பெனி 2013-லேயே ஏர் 540 மாடலில் செய்ததுதான். ஆனால் இன்று கடைகளில் வரிசையாக நிற்கிற கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம் பார்த்து எழுதியது லியான் லி கம்பெனியின் ஓ11 டைனமிக் மாடலை. பிராசஸரை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டிக் காட்டுகிற ஜெர்மானிய ஓவர்கிளாக்கர் டெர்பாவருடன் சேர்ந்து 2018-இல் கொண்டுவந்தார்கள். இந்த வகைக்கே ‘ஃபிஷ் டேங்க்’ என்று பட்டப்பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முதல் தடவை ஆன் செய்தபோது அம்மா எட்டிப் பார்த்து, “ஏல, மீனு எங்கல?” என்று கேட்டாள்.

உள்ளே இருப்பது ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 155 மி.மீ. உயரமுள்ள சாதாரண ஏர் கூலர். தண்ணீர்க் கூலர் இல்லை.

இந்த வகைப் பெட்டியைச் ‘சின்னது’ என்று சொல்கிறார்களே, முதலில் அந்தப் பேச்சு. இதன் உயரம் 37, நீளம் 39, அகலம் 28 செ.மீ. பெருக்கினால் 40 லிட்டர். முன்பு வைத்திருந்த நடுத்தர அளவு மிட் டவர் 46, 45, 21.5, பெருக்கினால் 44 லிட்டர் சொச்சம். ஆக மிச்சம் நாலு லிட்டர்தான்! உயரத்தில் குறைத்ததை அகலத்தில் ஏற்றியிருக்கிறார்கள். படத்தில் பார்க்கும்போது இது தெரியாது, மேசையில் வைத்தால்தான் தெரியும். பழைய டவர் மானிட்டருக்குப் பக்கத்தில் ஒடுங்கி நின்றது. இதற்கு 28 செ.மீ. போக, கண்ணாடியைக் கழற்றக் கை நுழைகிற அளவு இடம் இடதுபக்கம் வேண்டும். வலதுபக்கம் காற்று இழுக்கிற ஓட்டைகள் இருப்பதால் அங்கேயும் சுவரோடு ஒட்ட முடியாது. நாலடி மேசையில் நோட்டுப் புத்தகம் வைக்கிற இடம் போய்விட்டது. நிஜமாகவே சின்னதாக வேண்டும் என்றால் 20 லிட்டருக்குக் கீழே, மினி ஐடிஎக்ஸ் என்ற குட்டி போர்டுகளின் பக்கம் போக வேண்டும். அங்கே போர்டு விலையிலேயே பட்ஜெட் இடித்துவிடும்.

அந்த அகலத்துக்கு ஒரு பலன் உண்டு. பின்னறை தாராளம். சாதாரண டவரில் ஒயரை எல்லாம் அமுக்கி, முட்டுக்கொடுத்துக் கதவை மூட வேண்டியிருக்கும். இதில் எஸ்எம்பிஎஸ் ஒயர்களைச் சுருட்டித் திணித்துவிட்டு மூடலாம், முன்னால் ஒன்றுமே தெரியாது. அசெம்பிள் செய்வதற்கு இதைவிடச் சுலபமான கேபினெட்டை நான் தொட்டதில்லை. முன்பக்க யூஎஸ்பி 3 ஒயர் மட்டும் வழக்கம்போல முரட்டுத் தடிமன். அதை முதலில் செருகிவிட்டு அப்புறம் கார்டை மாட்டுவது நல்லது.

சரி, சூடு. கண்ணாடி என்றாலே வேகும் என்று பலரும் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. முன்பக்கம் கண்ணாடி என்பதால் அங்கிருந்து ஒரு பொட்டுக் காற்றும் வராது. காற்று வர இரண்டே வழி: போர்டுக்குப் பக்கத்தில் நிற்கிற இரண்டு ஃபேன், அடித்தளத்தில் மாட்டுகிற இரண்டு ஃபேன். பெட்டியோடு வந்தது பக்கத்து இரண்டும் பின்னால் ஒன்றும். அடித்தளம் காலி. கிராபிக்ஸ் கார்டின் ஃபேன்கள் கீழே பார்த்துத்தான் காற்றை இழுக்கின்றன என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய கஞ்சத்தனம் என்று புரியும். மே மாத மதியம், அறையில் 35 டிகிரி, ஒரு மணி நேரம் கேம் ஓடிய பிறகு கார்டு 82-இல் நின்றது. அடியில் இரண்டு 120 மி.மீ. ஃபேன் வாங்கி மாட்டியதும் அதே வேலையில் 75. அப்போதே இடதுபக்கக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். இன்னும் இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கியது. அந்தக் கார்டு 170 வாட் வரை இழுக்கும், 93 டிகிரி வரை தாங்கும். பிராசஸர் 65 வாட் ரகம் என்பதால் அதைப் பற்றிக் கவலையே இல்லை. உங்கள் கேபினெட்டிலும் கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை பார்க்கலாம். ஐந்தாறு டிகிரிக்கு மேல் இறங்கினால் உள்ளே போகிற காற்று போதவில்லை என்று அர்த்தம்.

மேற்கூரையில் இரண்டு ஃபேன் மாட்ட இடம் இருக்கிறது. இரண்டையும் மாட்டலாம் என்று கடைக்காரர் சொல்வார், அவருக்கு ஃபேன் விற்க வேண்டும். முன்பக்க ஓரம் இருக்கிற மேல் ஃபேன், பக்கத்திலிருந்து வருகிற புதுக் காற்று கூலரைத் தொடுவதற்கு முன்பே அதை வெளியே தூக்கிவிடும். பின் ஓரத்தில் ஒன்று போதும். அதோடு, கேபினெட்டின் கால்கள் இரண்டு செ.மீ. உயரம்தான், மேசையில் ரெக்சின் விரிப்போ துணியோ இருந்தால் அடிக்காற்று அங்கேயே நின்றுவிடும்.

புழுதி விஷயத்தில்தான் ஊர் வித்தியாசம் தெரிகிறது. விமர்சன வீடியோக்களில் ஃபில்டரைத் தட்டினால் பொடியாகக் கொட்டுகிறது. இங்கே கொட்டாது. ஈரக் காற்றும் உப்பும் சேர்ந்து, அடி ஃபில்டரின் வலைக் கண்களில் சாம்பல் நிறப் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும்; புளோயர் அடித்தால் மேலே இருக்கிற நூலாம்படை மட்டும் பறக்கும், பிசுக்கு அப்படியே நிற்கும். ஃபில்டரை உருவி சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் முழுக்கக் காயவைத்துத்தான் திரும்பப் போட வேண்டும். இதில் அடி ஃபில்டர் முன்பக்கமாக உருவுகிற மாதிரி இருப்பதால் பிழைத்தேன். பின்பக்கம் உருவுகிற மாடல்களும் உண்டு. ஒவ்வொரு தடவையும் எல்லா ஒயரையும் பிடுங்கி மேசையை விட்டு இழுக்க வேண்டும், ஆகவே யாரும் செய்ய மாட்டார்கள். வாங்கும்போது கடையில் உருவிப் பார்த்துவிடுங்கள். பக்கத்து ஃபேன்களுக்கு ஃபில்டரே கிடையாது, பொடி ஓட்டை போட்ட தகடுதான். அங்கே இறக்கைகளின் நுனியில் பிசுக்கு வரி வரியாகப் படிகிறது. புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போகும்.

இதில் கண்ணாடிக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். இரும்பு டவரைத் திறந்தால்தான் உள்ளே எவ்வளவு அழுக்கு என்று தெரியும். இதில் நாற்காலியில் உட்கார்ந்தாலே தெரிகிறது, கார்டின் மேல் படிந்த தூசி லைட் வெளிச்சத்தில் இன்னும் அசிங்கமாகத் தெரிகிறது. கை தானாகப் போகிறது.

இப்போது குறை. கூட வந்த மூன்று ஃபேனில் ஒன்று முதல் கோடை முடிவதற்குள் கர்ரென்று சத்தம் போட ஆரம்பித்தது. மலிவு ஃபேன், அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அதன் கனெக்டர். மதர்போர்டில் செருகுகிற வழக்கமான நாலு பின் கிடையாது; கம்பெனிக்கே உரிய ஆறு பின், ஃபேன்களை எல்லாம் ஒன்றாக இணைக்கிற அதே கம்பெனியின் ஹப்பில் மட்டும்தான் போகும். தனியாக அந்த ஃபேன் கடையில் கிடைக்காது. வேறு ஃபேன் போட்டால் ஹப்பில் சேராது. சுற்றுவதும் தனி, எரிகிற நிறமும் தனி. கடைசியில் மூன்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, நாலு பின் ஃபேன்களாக மாற்றினேன். ஃபேன் செலவு கேபினெட் விலையில் பாதியைத் தொட்டது. ஆகவே ‘மூன்று ஃபேன் இலவசம்’ என்ற வரியைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் அந்த ஃபேன் ஒயரின் நுனியைப் பாருங்கள். புதிதாக வாங்கும்போது பக்கத்துக்கும் அடிக்கும் ரிவர்ஸ் பிளேடு ஃபேனாக வாங்கினேன். சாதாரண ஃபேனைக் காற்று உள்ளே இழுக்கிற மாதிரி மாட்டினால் கண்ணாடி வழியாகத் தெரிவது அதன் முதுகும் சட்டமும்தான். ரிவர்ஸ் பிளேடில் முகம் நம்மைப் பார்க்கும், காற்று உள்ளே வரும்.

லைட்டுக்கு வருகிறேன். இது ஏஆர்ஜிபி, அதாவது ஒவ்வொரு எல்இடியும் தனி நிறத்தில் எரியக்கூடிய ரகம், 5 வோல்ட். ஒயர் நுனியில் நாலு பின்னுக்கான வரிசையில் ஓர் இடம் காலியாக, மூன்று ஓட்டை இருக்கும். எல்லாம் ஒரே நிறத்தில் எரிகிற பழைய ஆர்ஜிபி 12 வோல்ட், நாலு பின். மாற்றிச் செருகினால் எல்இடி அந்த நிமிடமே காலி. மலிவான போர்டுகளில் 12 வோல்ட் மட்டுமே இருப்பதும் உண்டு, போர்டு வாங்கும் முன்பே பார்க்க வேண்டிய விஷயம். கரண்ட் செலவு பற்றி அப்பாவுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. இந்த எல்இடி ஒன்று முழு வெள்ளையில் எரிந்தால் 0.3 வாட் அளவு. நிறம் மாறி மாறி எரியும்போது எல்லாம் சேர்த்துப் பத்து வாட் என்றே வைப்போம். தினம் எட்டு மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாத பில்லில் ஐந்து யூனிட்டைத் தொடாது. முதல் நூறு யூனிட் எப்படியும் இலவசம். அவர் சமாதானமாகவில்லை, அது வேறு.

கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் லைட் எரிந்துகொண்டிருந்தால் பயாஸில், அதாவது போர்டின் சொந்த செட்டிங்ஸ் திரையில், அணைத்த பிறகு கரண்டைக் குறைக்கிற இஆர்பி என்ற அமைப்பை ஆன் செய்தால் போதும். கம்பெனிகள் தருகிற லைட் சாஃப்ட்வேர் எதையும் நான் போடவில்லை. ஓபன்ஆர்ஜிபி என்ற இலவச மென்பொருள் என் போர்டுக்கு ஒத்துவந்தது. முதல் மாதம் வானவில் ஓடியது. இப்போது மங்கலான ஒற்றை ஆரஞ்சு. இரவில் படம் பார்க்கும்போது மானிட்டரில் நிறம் நிறமாகப் பிரதிபலிப்பது தாங்க முடியாத தொல்லை. மழைக்கு முதல் நாள் ஈசல் கிளம்பினால் அதையும் அணைத்துவிடுவேன். ஈசல் வெளிச்சத்துக்கு வரும், அடி ஃபேன் அதை இழுத்து ஃபில்டரில் அப்பும். காலையில் ஃபில்டர் முழுக்க இறகு.

கண்ணாடியைக் கழற்றுவதில் ஒரே ஓர் எச்சரிக்கை, ஆனால் பெரிய எச்சரிக்கை. டைல்ஸ் தரையில் வைக்காதீர்கள். டெம்பர்டு கிளாஸின் மேற்பரப்பு இறுகியும் உட்பகுதி இழுபட்டும் இருக்கும். நடுவில் குத்தினால் தாங்கும், ஓரத்தில் கடினமான பொருள் ஒரு புள்ளியில் பட்டால் அத்தனை இறுக்கமும் ஒரே நேரத்தில் விடுபட்டு முழுக் கண்ணாடியும் பொடிக்கல்லாகக் கொட்டும். செராமிக் டைல்ஸ் கண்ணாடியைவிடக் கடினம். மெதுவாகத்தானே வைத்தேன் என்று புலம்புகிறவர்கள் எல்லோரும் டைல்ஸில் வைத்தவர்கள்தான். கட்டிலில் படுக்கப் போடுங்கள். என்னுடையதில் திருகாணி இல்லை, உருண்டை கிளிப். மேல் ஓரம் இழுத்தால் முதலில் வராது, பிறகு சட்டென்று மொத்தமாகக் கையில் வந்துவிடும். ஒரு கை எப்போதும் கீழே இருக்க வேண்டும்.

கார்டை நிமிர்த்தி நிறுத்தினால் கண்ணாடி வழியாக அழகாகத் தெரியுமே என்று ஆசை வரும். இந்த அகலத்தில் அது கண்ணாடியை ஒட்டி நின்று மூச்சுத் திணறும், கார்டைப் போர்டோடு இணைக்கிற ரைசர் கேபிளும் தரமானதாக வேண்டும். என்இசட்எக்ஸ்டி கம்பெனி தன் எச்1 கேபினெட்டை 2021-இல் திரும்பப் பெற்றது இதே இடத்தில் வந்த தகராறால்: ரைசர் போர்டைப் பிடித்திருந்த திருகாணிகளால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் ஆபத்து. நான் படுக்கவே விட்டிருக்கிறேன்.

துரு: பின்பக்கம் ஸ்லாட் மூடிகளின் ஓரமும், கட்டைவிரல் திருகாணிகளின் தலையும் பழுப்பேறிவிட்டன. பெயின்ட் அடித்த உடல் அப்படியே இருக்கிறது. திருகாணியைக் கடையில் கிடைக்கிற நிக்கல் பூச்சு செட்டாக மாற்றினேன், கொஞ்சக் காசுதான்.

இதையே திரும்ப வாங்குவேனா என்றால், வாங்குவேன், ஃபேன் இல்லாத வெறும் பெட்டியாகக் கிடைத்தால். ஒரே ஏக்கம், கூலர் மாஸ்டர் 2020-இல் என்ஆர்200பி என்ற 18 லிட்டர் பெட்டியோடு கண்ணாடிக் கதவு ஒன்றும் ஓட்டை போட்ட இரும்புக் கதவு ஒன்றும் சேர்த்தே கொடுத்தது. நம் ஊர் வெயிலுக்கு அதுதான் சரியான யோசனை: பங்குனியிலிருந்து ஆடி வரை இரும்பு, மீதி மாதங்களுக்குக் கண்ணாடி. என் பெட்டிக்கு அப்படி ஒரு தகடு தனியாக வந்தால் ஐந்நூறு ரூபாய் வரை கொடுக்கலாம்.