பெரிய வண்டிக்கு வீட்டிலேயே பட்டறை கட்டுகிறீர்களா? நான் ஏமாந்த விதம் இது

கூரைமேல் சரக்குச் சட்டம் உள்ள, மொத்தம் 3.4 மீட்டர் உயரமான பழைய பேருந்து ஒன்றை நானே பழுது பார்த்துச் சீரமைப்பதற்காக, வீட்டை ஒட்டி ஒரு பட்டறை கட்ட முடிவு செய்தேன். வேலையை ஒப்பந்ததாரர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் ஏமாற்றிய முறையை மட்டும் எழுதுகிறேன்.

வாசலின் உயரம் 3.9 மீட்டர் என்று வரைபடத்தில் இருந்தது. அரை மீட்டர் மிச்சம் இருக்கிறதே என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். ஆனால் அந்த 3.9 மீட்டர், தளம் போடுவதற்கு முன்பிருந்த தரையிலிருந்து லிண்டலின் (வாசலுக்கு மேலே குறுக்கே வரும் உத்தரத்தின்) அடிப்பகுதி வரை எடுத்த அளவு. போட்டு முடித்த தளம் அந்தத் தரையைவிட 10 சென்டிமீட்டர் மேலே வந்தது. ஷட்டர் சுருளும் பெட்டியை லிண்டலுக்கு உள்பக்கம் மேலே தூக்கி வைக்காமல் திறப்புக்குள்ளேயே தொங்கவிட்டதில் இன்னும் 45 சென்டிமீட்டர் போயிற்று. மீந்தது 3.35 மீட்டர். முதல் நாள் வண்டியை மெதுவாக உள்ளே விட்டபோது சரக்குச் சட்டத்தின் முன்குழாய் பெட்டியின் தகரத்தில் இடித்து நின்றது. "ஷட்டர் என்றால் இப்படித்தான் சார் வரும்" என்றார் அவர். அப்படித்தான் வரும் என்பது வரைபடம் போட்ட அன்றே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதையாவது இடித்துச் சரிசெய்துவிடலாம். தளத்தில் செய்தது வேறு ரகம். 15 சென்டிமீட்டர் கனம், எம்25 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட், கவர் பிளாக் எனும் சிறு கட்டைகளை அடியில் வைத்து மண்ணில் படாமல் தூக்கி நிறுத்திய கம்பி வலை என்று பேசியிருந்தோம். கான்கிரீட் கொட்டிய அன்று நான் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது கான்கிரீட் வழியாமல் சுற்றி அடித்திருந்த பலகையைப் பிரித்த ஓரங்களில் கனம் சரியாக 15 இருந்தது. டேப் வைத்து நானே அளந்தேன். தண்ணீர் விடுவதை இரண்டே நாளில் நிறுத்தியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. குறைந்தது 7 நாட்களாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தளத்தில் தூண்களை நிறுத்தி வண்டியை மேலே உயர்த்தும் 'வண்டி தூக்கி'யைப் பொருத்தும் நாளில்தான் குட்டு வெளிப்பட்டது. அதன் கையேடு 15 சென்டிமீட்டர் கனத்தைக் கேட்டிருந்தது. அதைத் தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுக்குத் துளை போடும்போது சாம்பல் நிறத்தில் வந்துகொண்டிருந்த தூள் 9 சென்டிமீட்டர் ஆழத்தில் திடீரெனச் செம்மண்ணாக மாறியது. வேறு இரண்டு இடங்களில் துளைத்தபோதும் அதே கதைதான். பலகைக்கு அருகில் மட்டும் மண்ணைத் தோண்டிக் கனமாகப் போட்டு, நடுவில் மண்ணை மேடாகவே விட்டிருக்கிறார்கள். ஒரு மூலையை உடைத்துப் பார்த்தோம். கம்பி வலை கான்கிரீட்டுக்குள் இல்லை, அடியில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அங்கே அது கிடப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று.

கேட்டதற்கு, "கார் நிற்குமே" என்றார். கார் நிற்கத்தான் செய்யும். பல டன் எடையைத் தூக்கும் தூண்களின் பிடிப்பு முழுவதும் அந்தக் கான்கிரீட்டின் ஆழத்தை நம்பித்தான் இருக்கிறது என்பதை அவரிடம் விளக்கிப் பயனில்லை, ஏனென்றால் கடைசித் தவணையை நான் ஏற்கெனவே கொடுத்திருந்தேன்.

இந்த வேலையில் இறங்குபவர்கள், ஒப்பந்தத்தில் 'முடிந்த தளத்திலிருந்து, முழுதும் சுருட்டிய ஷட்டரின் அடிவரை' என்று உயரத்தை எழுதி வாங்குங்கள். கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தைய மாலையில், எதிரெதிர்ப் பலகைகளின் மேல்விளிம்பில் நூலை விறைப்பாகக் கட்டி, நடுவில் ஐந்தாறு இடங்களிலாவது நூலிலிருந்து மண்வரை அளந்து பாருங்கள். பத்து நிமிட வேலைதான். வண்டி உள்ளே நுழைந்து, தூக்கிக்குத் துளையும் போட்டுப் பார்க்கும்வரை கடைசித் தவணையைக் கையிலேயே வைத்திருங்கள்.

என் பேருந்து இப்போது தார்ப்பாயின் கீழ் வெளியே நிற்கிறது. தூண்கள் நிற்க வேண்டிய இடங்களில் தளத்தை உடைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த முறை நூல் கட்டுவது நான்.