பிளேலிஸ்டில் ஏற்றித் தருகிறோம் என்று வருபவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்

சொந்தமாகப் பாட்டு வெளியிடுகிறவர்கள் கவனத்துக்கு. "உங்கள் பாட்டின் மூடுக்கும் ஜானருக்கும் ஏற்ற ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்டுகளில் சேர்த்துத் தருகிறோம், ஸ்ட்ரீம் எண்ணிக்கைக்கு உத்தரவாதம்" என்று இன்பாக்ஸில் யாராவது வந்தால் அப்படியே கடந்து போய்விடுங்கள். நாங்கள் பணம் கட்டினோம். பணம் போனதைக்கூட விடுங்கள், பாட்டே போய்விட்டது.

எங்களுடையது மெதுவான, சோகமான பாட்டு. ஒரு கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான். அந்த ஆள் விஷயம் தெரிந்தவர் மாதிரிதான் பேசினார். டெம்போ என்ன, இரவில் கேட்கிற பாட்டா, பிரிவா ஏக்கமா, இண்டி ஃபோக்கில் போடலாமா என்றெல்லாம் விசாரித்தார். பிளேலிஸ்டுகளைத் தொகுக்கும் ஸ்பாட்டிஃபை எடிட்டர்களிடமும் தனக்கு ஆள் இருக்கிறது என்றார். பாட்டு ஏற்கெனவே வெளியாகிவிட்டதே என்றோம். அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லையாம்.

அது பச்சைப் பொய். எடிட்டர்களுக்குப் பாட்டு அனுப்ப ஸ்பாட்டிஃபை வைத்திருக்கும் வழி, 'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்' கணக்கில் உள்ள பிட்ச் படிவம். காசு கிடையாது. இன்னும் வெளியாகாத பாட்டை மட்டும்தான் அதில் அனுப்ப முடியும். ஜானர், மூட், வாத்தியம் எல்லாவற்றையும் நாமே தேர்ந்தெடுத்து, 500 எழுத்துக்குள் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பிவிட்டால், எடிட்டர் எடுக்காவிட்டாலும் நம்மைப் பின்தொடர்பவர்களின் 'ரிலீஸ் ரேடார்' என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டு வரும். எடிட்டோரியல் பிளேலிஸ்டில் காசு கொடுத்து இடம் வாங்க முடியாது என்று ஸ்பாட்டிஃபையே வெளிப்படையாகச் சொல்கிறது.

சரி, பணம் கட்டியதும் எண்கள் ஏறத்தான் செய்தன. எங்கள் பாட்டு சேர்க்கப்பட்ட பட்டியலைத் திறந்து பார்த்தோம். நள்ளிரவு ஏக்கம் என்ற பாணியில் ஒரு பெயர், அட்டையில் நிலா. உள்ளே எங்கள் பாட்டுக்கு மேலே ஜிம்மில் போடுகிற அதிரடி பீட், கீழே குழந்தைகளைத் தூங்கவைக்கும் மழைச் சத்தம். இதுதான் அவர்கள் மூட் பார்த்துச் சேர்த்த லட்சணம்! ஸ்ட்ரீம்கள் ஆயிரக்கணக்கில், கேட்டவர்களோ கைவிரல் விட்டு எண்ணலாம். ஒருவர்கூடப் பாட்டை சேவ் செய்யவில்லை. அத்தனையும் ஒரே நகரத்திலிருந்து. 30 விநாடி ஓடினாலே ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்காகிவிடும். மனிதர்கள் இல்லாமல் தானாகவே பாட்டை ஓட்டும் 'பாட்' (bot) நிரல்களுக்கு அது போதும்.

ஆர்ட்டிஸ்ட் பக்கத்தில் 'ரசிகர்கள் இவர்களையும் விரும்புகிறார்கள்' என்ற பகுதி இருக்குமே, அதில் தூக்க இசைக்காரர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். யார் எதைச் சேர்த்துக் கேட்கிறார்கள் என்பதையும் வைத்துத்தான் அல்காரிதம் பரிந்துரைக்கிறது. நாங்களே காசு கொடுத்து அதற்குத் தப்பான பாடம் எடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து, அதாவது எங்கள் பாட்டை ஸ்பாட்டிஃபையில் ஏற்றித் தரும் நிறுவனத்திடமிருந்து, மெயில்: செயற்கை ஸ்ட்ரீமிங் கண்டுபிடிக்கப்பட்டதால் பாட்டு நீக்கப்படுகிறது. அப்பட்டமான செயற்கை ஸ்ட்ரீமிங் இருக்கும் பாட்டுகளுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டர்களிடமே அபராதம் வசூலிக்கிறது, அது நம் தலையிலும் விழலாம். இந்த மாதிரி ஆட்கள், 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் எட்டாத பாட்டுக்கு ராயல்டி இல்லை என்ற விதியைக் காட்டியும் தூண்டில் போடுவார்கள். ஆனால் போலி ஸ்ட்ரீம் என்று தெரிந்தால் அதற்கு ராயல்டி கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "நாங்கள் விளம்பரம்தான் செய்தோம், யார் கேட்டார்கள் என்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று ஒரு பதில். அதோடு பிளாக்.

பாட்டைக் கேட்டுக் கருத்துச் சொல்லக் கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு. அவர்கள் இடம் கிடைக்கும் என்றோ, இத்தனை ஸ்ட்ரீம் வரும் என்றோ வாக்குக் கொடுக்க மாட்டார்கள். ஏற்கெனவே யாரிடமாவது சிக்கியிருந்தால், அந்த பிளேலிஸ்டை ஸ்பாட்டிஃபைக்கு உடனே ரிப்போர்ட் செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கண்டுபிடித்து எழுதும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் எழுதிவிடுங்கள், உரையாடல் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு. அவர்கள் தாங்கள் அனுப்பிய மெசேஜ்களை அழித்துவிட்டு பிளாக் செய்தால் உங்களிடம் எதுவும் மிஞ்சாமல் போகலாம்.