மதுரையில் ஏர் ரைபிள் பெல்லட் வாங்க ஒரு கடை: விலை கடிக்கிறது, ஆனாலும் போகலாம்

பத்து மீட்டர் ஏர் ரைபிள் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் மதுரையில் நான்கு பேர் சேர்ந்தால் இப்போது ஸ்கோரைப் பற்றிய பேச்சே வருவதில்லை. பெல்லட் எங்கே கிடைத்தது, என்ன விலை சொன்னார்கள், என்ன லாட் (ஒரே தடவையில் செய்த சரக்குத் தொகுதி), எத்தனை டப்பா கொடுத்தார்கள், இதுதான் பேச்சு. அதனால்தான் நான் வழக்கமாக வாங்கும் கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். துப்பாக்கி என்ற வார்த்தையை எங்காவது பார்த்துவிட்டால் ராத்திரி பதினொரு மணிக்குக்கூட யார் யாரோ போன் போட்டு "பிஸ்டல் இருக்கா" என்று கேட்கிறார்களாம். டவுன்ஹால் ரோடு பக்கம், லைசென்ஸ் வைத்து ஆயுதம் விற்கும் பழைய கடை. பிள்ளைகள் சுட்டுப் பழகும் ரேஞ்சில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். பெல்லட் என்பது 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. முன்பக்கம் தட்டையான தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் விரிந்த பாவாடை. காற்றழுத்தத்தில் அந்தப் பாவாடைதான் குழலோடு ஒட்டிக்கொண்டு சுழன்று போகிறது. மேட்ச், அதாவது போட்டித் தர ரைபிள் பெல்லட் ஒன்று ஏறக்குறைய 0.53 கிராம். டார்கெட்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. ஒரு போட்டிக்கு 60 ஷாட், 75 நிமிடம், ஒவ்வொரு ஷாட்டுக்கும் 10.9 வரை தசமத்தில் மார்க், மொத்தம் 654. அதனால் ஒரு பெல்லட்டின் பாவாடை லேசாக நசுங்கியிருந்தாலும் பிள்ளை எவ்வளவு அழகாகப் பிடித்துச் சுட்டாலும் குண்டு தன் வழியில் போகும். போட்டி என்றால் 60 குண்டு, ஆனால் பயிற்சியில் ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது போய்விடும். 500 குண்டு உள்ள டப்பா ஒரு வாரம் தாண்டாது. ரைபிளை ஒரு தடவைதான் வாங்குகிறோம், பெல்லட்டை வாழ்நாள் முழுக்க வாங்குகிறோம். இதை ரைபிள் விற்கிறவர்கள் யாரும் முதலில் சொல்வதில்லை.

சரி, விலை. சில வருஷத்துக்கு முன் ஆயிரத்துக்குள் வாங்கிய ஜெர்மன் மேட்ச் டப்பா இப்போது இரண்டாயிரத்தைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறது. அண்ணாச்சி கடையில் ஆன்லைனைவிட நூறு, நூற்றைம்பது கூடுதல்தான், மறைக்க ஒன்றுமில்லை. பேரம் கிடையாது. விலைப் பட்டியலும் கிடையாது, கேட்டால்தான் சொல்வார், அதுவும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொல்வார்.

ஏன் இவ்வளவு ஏறியது என்று கேட்டால் அவரிடம் பெரிய வகுப்பே நடக்கும். நல்ல மேட்ச் பெல்லட் பெரும்பாலும் ஜெர்மனியில் இருந்து வருகிறது, ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என் என்ற இரண்டு பிராண்டும் அங்கேதான். 2022-இல் 80 ரூபாய் பக்கம் இருந்த யூரோ 2025-இல் நூறைத் தாண்டிவிட்டது. அவர்கள் ஒரு பைசா ஏற்றாமல் இருந்தாலும் நமக்கு இருபத்தைந்து சதவீதம் ஏறிவிடும், அவர்கள் ஏற்றாமலும் இல்லை. அதற்கு மேல் கப்பல் கூலி, சுங்கம், டெல்லியில் இறக்குமதி செய்கிறவர் லாபம், அங்கிருந்து மதுரைக்கு வண்டி வாடகை. ஈயமாயிற்றே, கையளவு டப்பாவிலேயே கால் கிலோவுக்கு மேல் சரக்கு இருக்கிறது. ஒரு பெட்டி வருகிறது என்றால் தூக்குகிறவர் முதுகு சொல்லும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் மச்சான் டெக்சாஸில் இருக்கிறான், அங்கே நிறையப் பேர் காலிக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்கிறார்கள். இங்கே உரிய லைசென்ஸ் இல்லாமல் அதைத் தொட்டால் ஆயுதச் சட்டத்தில் நேராக உள்ளே போக வேண்டியதுதான், யாரும் யோசனைகூடச் செய்ய வேண்டாம். அங்கே மலிவு என்பதற்காகத்தான் அந்தப் பழக்கமே வந்தது, அந்த மலிவும் இப்போது போய்விட்டது என்று புலம்புகிறான். 2020-க்கு முன் முப்பது நாற்பது டாலருக்குக் கிடைத்த ஆயிரம் பிரைமர் (தோட்டாவின் அடியில் பொறி தட்டி மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), கொரோனாவுக்கு அப்புறம் நூறு டாலர் வரைக்கும் போனதாம். அந்தச் சமயத்தில் ரெமிங்டன் கம்பெனி திவாலானது, புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் கூட்டம் கூடியது, இருக்கிற கம்பெனிகள் கடையில் விற்கும் முழுத் தோட்டாவுக்கே பிரைமரைத் திருப்பிவிட்டன, வீட்டில் நிரப்புகிறவன் வரிசையில் கடைசி ஆள். பிரைமர் கொஞ்சம் சரியாகும்போது உக்ரைன் போர் வந்து மருந்தைப் பிடித்துக்கொண்டது. பீரங்கிக் குண்டுக்கும் ரைபிள் தோட்டாவுக்கும் அடிப்படை ஒன்றேதான், நைட்ரோசெல்லுலோஸ். அது எதிலிருந்து வருகிறது என்றால் பருத்திக் கொட்டையில் பஞ்சு எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டை இழையில் இருந்து. ராஜபாளையம், சத்திரப்பட்டி பக்கம் மருத்துவப் பஞ்சும் பேண்டேஜ் துணியும் செய்கிற ஊர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், ஐரோப்பாவே இந்த இழைக்குச் சீனாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

பெல்லட்டில் மருந்தும் கிடையாது பிரைமரும் கிடையாது, வெறும் ஈயமும் காற்றும்தான். பிறகு நமக்கு ஏன் தட்டுப்பாடு என்று நானும் கேட்டேன். அண்ணாச்சி சொன்ன பதில் எளிது: "தம்பி, தோட்டாவுக்குக் காசு கொடுத்து மாளாதவன் எல்லாம் வீட்டுக்குள்ள ஏர் கன்னு பழகிட்டான். நம்ம நாட்டுலயும் ஒலிம்பிக் மெடலுக்கு அப்புறம் எத்தனை ரேஞ்சு வந்துருச்சு பாரு." பாரிஸில் 2024-இல் இந்தியாவுக்குத் துப்பாக்கி சுடுதலில் மட்டும் மூன்று வெண்கலம். அடுத்த வருஷம் கோடை முகாமுக்கு இடம் கேட்டு நின்ற கூட்டம் எனக்கே தெரியும். முதல் பாதியை நான் அப்படியே நம்பவில்லை, இரண்டாவது பாதி உண்மைதான்.

நான் இந்தக் கடைக்குப் போவதற்கு விலை காரணமே இல்லை, லாட்தான் காரணம். ஒரே பிராண்ட், ஒரே மாடல் என்றாலும் டப்பாவின் அடியில் அச்சடித்த லாட் எண் மாறினால் குண்டு மாறும். தலை அளவே 4.49, 4.50, 4.51 என்று தனித்தனியாக வருகிறது, ஒரு குழலுக்கு ஒன்று பிடிக்கும், பக்கத்துப் பிள்ளையின் குழலுக்கு அது பிடிக்காது. ரைபிளை அசையாமல் வைஸில் இறுக்கிக் கட்டி ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்து சுட்டு, எது ஒரே ஓட்டையாக விழுகிறதோ அதை வாங்குவதுதான் முறை. பெரிய ஊர்களில் இதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். அண்ணாச்சி என்ன செய்கிறார் என்றால், புதுச் சரக்கு வந்ததும் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு டப்பாவை உடைத்து, கடலை மடிக்கிற மாதிரி சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து, மேலே பேனாவால் லாட் எண்ணை எழுதிக் கொடுத்துவிடுவார். எண்ணெய் கசிந்து காகிதம் புள்ளி புள்ளியாக ஊறியிருக்கும். ரேஞ்சில் சுட்டுப் பார்த்துவிட்டு எண்ணைச் சொன்னால் அந்த லாட்டை நம் பெயரில் நோட்டில் எழுதி வைப்பார். பொட்டலத்துக்குக் காசு வாங்குகிறார், ஆனால் உடைத்த டப்பாவை அப்புறம் யாரிடமும் முழு விலைக்குத் தள்ளுவதில்லை. பழகுகிற சின்னப் பிள்ளைகளுக்குக் குறைத்துக் கொடுக்கிறார்.

ஆன்லைனில் இது நடக்காது. படத்தில் ஒரு லாட் போட்டிருந்த இடத்தில் இரண்டு டப்பா ஆர்டர் செய்தேன், வந்தது இரண்டும் வெவ்வேறு லாட், ஒன்றின் மூடி நசுங்கி உள்ளே குண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கிடந்தன. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம், இது கன்ஸ்யூமபிள், அதாவது தீர்ந்துபோகும் பொருள் என்று பதில். நூறு ரூபாய் மிச்சம் பிடித்து இரண்டு டப்பா பயிற்சிக்கு மட்டும் போனது.

நம் நாட்டிலேயே செய்கிற மலிவு டப்பாவும் அண்ணாச்சி கடையில் இருக்கிறது, விலை மூன்றில் ஒரு பங்கு. தெற்காவணி மூல வீதியில் நகைக்கடை வைத்திருக்கும் நண்பரின் தராசில் ஒரு கைப்பிடி குண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஜெர்மன் குண்டு 0.53-ஐ விட்டு அசையவே இல்லை என்று சொல்லலாம். உள்ளூர்க் குண்டு 0.49 காட்டும், அடுத்தது 0.55 காட்டும். விரலில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால் பாவாடை விளிம்பில் ஈயச் சிலும்பு நகத்தில் இடறும். நின்று பழக, மூச்சு பழக, ட்ரிக்கர் பழக இது போதும். மார்க் பார்க்க வேண்டாம், அவ்வளவுதான். சீனத்து கியூஒய்எஸ் பிராண்ட் நடுவில் நிற்கிறது, கிடைக்கும்போது நல்ல சரக்கு, ஆனால் கிடைப்பது அதிர்ஷ்டம். என் மகள் வாரத்தில் பாதி நாள் உள்ளூர்க் குண்டு, போட்டி நெருங்கினால் நோட்டில் எழுதிய லாட் என்று ஓட்டுகிறாள். எந்தக் குண்டாக இருந்தாலும் முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்க விடாதீர்கள், விரல் நுனி சாம்பல் நிறமாகிறதே அது ஈயம்.

குறைகளும் சொல்ல வேண்டும். போன் எடுக்க மாட்டார். ஒரு ஆளுக்கு இரண்டு டப்பாதான். வெளியூரில் இருந்து, தேனியில் இருந்தெல்லாம் வருகிறவர்களுக்கு இது எரிச்சல்தான். ஒருவர் என் முன்னாலேயே சத்தம் போட்டார். அண்ணாச்சி அசையவில்லை: "உங்களுக்கு அஞ்சு கொடுத்துட்டா நாளைக்கு வர்ற பிள்ளைக்கு நான் என்னத்தக் கொடுக்குறது?" முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது. ஆனால் பத்து டப்பா பதுக்கி வைக்க வசதி இருக்கிறவன் பதுக்கினால் மற்றப் பிள்ளை மாவட்டப் போட்டியில் புது லாட்டோடு நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் செய்வது சரி. டெக்சாஸ் மச்சான் ஊரிலும் கடைக்காரர்கள் ஆளுக்கு ஒரு பெட்டி பிரைமர் என்றுதான் வைத்தார்களாம், ஆனால் அதே ஆட்கள் குடும்பத்தோடு வந்து நின்று வாங்கிப் போனார்களாம். இங்கே அது பலிக்காது, அண்ணாச்சிக்கு எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியும்.

இன்னொரு குறை, கூட்டம். தேர்தல் அறிவித்துவிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் துப்பாக்கியை ஒப்படைக்க உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துப் பெரியவர்கள் சாக்கில் சுற்றிய ஒற்றைக் குழலோடு வந்து நிற்பார்கள், ரசீது எழுதவே மதியம் ஆகிவிடும். அவர்களுக்கும் பன்னிரண்டு போர் (bore, குழல் அளவு) தோட்டா சரியாகக் கிடைப்பதில்லை, விலையும் ஏறிவிட்டது. ஒரு பெரியவர் லைசென்ஸ் புத்தகத்தை விரித்துக் காட்டி, வருஷத்துக்கு இத்தனை என்று சர்க்கார் எழுதிக் கொடுத்திருக்கு, அந்த அளவுகூட நீ கொடுக்க மாட்டேங்கிறியே என்று சண்டை. நம் பெல்லட் பிரச்சினை அதற்கு முன்னால் சின்னதாகத்தான் தெரிந்தது.

4.5 மில்லிமீட்டர், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, ஆனாலும் அண்ணாச்சி ஆதார் நகல் கேட்பார், பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை தனியாகப் போனால் ஒரு குண்டுகூடத் தர மாட்டார். அப்பாவோ அம்மாவோ கூடப் போக வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள், லாட் எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், சொன்னால் எழுதுவார். காலை பதினொரு மணிக்கு மேல் மதிய சாப்பாட்டுக்குள் போவது நல்லது, ஞாயிறு விடுமுறை. வண்டி நிறுத்த இடமில்லை, பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்துவிடுங்கள். ஜெர்மன் சரக்கு அடுத்தது எப்போது என்று கேட்டால் "வந்தா சொல்றேன்" என்பார், நோட்டில் பெயர் இருந்தால் நிஜமாகவே கூப்பிட்டுச் சொல்கிறார். அதற்கு மட்டும் அவரே போன் போடுகிறார்.