அம்மாவின் காமாலையும் என் இரண்டு வார லீவும்

டொரண்டோவிலிருந்து இரண்டு வார லீவில் நங்கநல்லூர் வந்தேன். கல்யாணச் சாப்பாடு, தி.நகர், ஒரு பல் டாக்டர் என்றுதான் திட்டம். வந்த மூன்றாம் நாள், மே மாத வெயிலில் அம்மா இரண்டு போர்வைக்குள் பல் கிட்டித்துக் கிடந்தார். தெருமுனை கிளினிக்கில் "வைரல் ஃபீவர்" என்று பாரசிட்டமால் கொடுத்தார்கள். கண்ணைக் கீழே இழுத்துப் பார்க்கவில்லை. சிறுநீர் கெட்டி டிகாஷன் நிறத்தில் போகிறதா என்று கேட்கவும் இல்லை. அம்மா சீப்பின் முதுகால் கையைச் சொறிந்துகொண்டே இருந்ததை நானும்தான் பார்த்தேன், கொசுக்கடி என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கண் மஞ்சள். பக்கத்து வீட்டு மாமி கீழாநெல்லியை அரைத்தே கொண்டுவந்துவிட்டார். நல்ல மனசு. ஆனால் எல்லாக் காமாலையும் கல்லீரல் காமாலை இல்லை. பித்தக்குழாய் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், உடம்பு அரிக்கும்.

இங்கே ஒன்றைப் பாராட்டியே ஆகவேண்டும். காலை ஆறரைக்கு ஒரு பையன் ஸ்கூட்டரில் வந்து ரத்தம் எடுத்துப் போனான். மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் ரிசல்ட். மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் 6.8, ரொம்ப அதிகம். சாயங்காலமே ஸ்கேன். பித்தக்குழாய் வீங்கி 12 மில்லிமீட்டர், உள்ளே கல். டொரண்டோவில் இதற்குள் எனக்கு அப்பாயின்ட்மென்ட் கூடக் கிடைத்திருக்காது.

எமர்ஜென்சியில் இருந்த இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "குளிர் நடுக்கம் இருந்துச்சாம்மா?" காய்ச்சலோடு நடுக்கம், மஞ்சள், வலது விலாவுக்குக் கீழே வலி. இந்த மூன்றும் சேர்ந்தால் பித்தக்குழாயில் தொற்று என்று சந்தேகப்பட வேண்டுமாம். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877லேயே எழுதிவைத்தது. பித்தம் ஓடிக்கொண்டிருக்கும்வரை கிருமி தங்காது. கல் அடைத்ததும் பித்தம் தேங்குகிறது, குடல் கிருமிகள் அதில் பெருகுகின்றன. குழாயில் அழுத்தம் ஏற ஏறக் கிருமி ரத்தத்துக்குள் தள்ளப்படுகிறது. நடுக்கம் அங்கிருந்துதான். அதனால் ஆண்டிபயாட்டிக் மட்டும் போதாது, அடைப்பையும் திறந்தாக வேண்டும் என்றார். என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு டிரிப்பில் மருந்தை ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை இ.ஆர்.சி.பி. வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, பித்தக்குழாய் சிறுகுடலில் திறக்கும் இடத்தைச் சின்னதாகக் கீறி, பலூனால் கல்லை இழுத்தார்கள். கல்லுக்கு முன்னால் சீழ் வந்ததாம். பித்தம் தடையில்லாமல் வடிய ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய், அதாவது ஸ்டென்ட், வைத்தார்கள். அன்று ராத்திரியே அம்மா ரசம் சாதம் கேட்டார். கல்ச்சரில் ஈ.கோலை என்ற குடல் கிருமி என்று வந்தது.

அப்புறம் டிஸ்சார்ஜ். காலை பத்துக்குச் சொன்னார்கள், இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வந்தபோது மணி நான்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்டென்டை மூன்று மாதத்துக்குள் எடுக்க வேண்டும், விட்டால் அதுவே அடைத்து மறுபடி காய்ச்சல் வரும். அது சம்மரியின் மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, கூப்பிட்டு ஞாபகப்படுத்தவும் ஏற்பாடு இல்லை. தனியாக இருக்கும் வயதானவர்கள் என்ன செய்வார்கள்? தினசரி காலண்டரில் ஆகஸ்ட் தாளைத் தேடி, சிவப்புப் பேனாவால் எழுதிவைத்தேன்.

பித்தப்பையையும் எடுக்க வேண்டும், கல்லுக்கு மூலம் அங்கேதான். அம்மா "ஆடி போகட்டுமே" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த வியாழக்கிழமை தேதி கொடுத்தார். என் ஃப்ளைட் செவ்வாய்க்கிழமை. டிக்கெட்டைத் தள்ளிப் போட ஏர்லைன்ஸ்காரர்களுக்கு ஃபோன் போட்டு, அரை மணி நேரமாக அவர்களுடைய மியூசிக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.