ஆற்றுக் குடிநீர்த் திட்டம்: நேரடி உறிஞ்சலா, கரையோர சேகரிப்புக் கிணறா?

ஆற்றிலிருந்து தண்ணீர் ஏற்றும் திட்டங்களில் பம்பு, மின்இணைப்பு, உந்துகுழாய் ஆகியவை எந்த வழியில் போனாலும் பெரிதாக மாறுவதில்லை. சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் மாதக்கணக்கில் இழுபடுவது, ஆற்றிலிருந்து தண்ணீரை எடுக்கும் அந்த ஒரு புள்ளி. அங்கே இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. ஓட்டத்துக்குள்ளேயே சல்லடை வைத்து நேரடியாக இழுக்கலாம். அல்லது கரையில் ஆழமான கிணறு இறக்கி, அதன் அடியிலிருந்து படுகைக்குக் கீழே ஆரக்கால்போலத் துளைக்குழாய்களைச் செலுத்தி, மணலில் வடிந்து வரும் நீரை எடுக்கலாம். படுகை இடம் கொடுத்தால் சேகரிப்புக் கிணறே மேல் என்பது என் முடிவு. படுகை இடம் கொடுக்குமா என்று சோதிக்காமலேயே வரைபடம் போடுவதுதான் பல திட்டங்களில் நடக்கும் தவறு.

கணக்குக்கு வசதியாக நாளொன்றுக்கு 2 கோடி லிட்டர், அதாவது வினாடிக்கு 231 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

நேரடி உறிஞ்சல்

இதன் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கட்ட எளிது, எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், கண்ணால் பார்த்துப் பழுது நீக்கலாம். மதிப்பீட்டில் இது சிக்குவது மீனிடம். சல்லடைத் துளைக்குள் நுழையும் நீரின் வேகம் வினாடிக்கு 0.15 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகக் கையாளப்படும் வரம்பு. அமெரிக்காவில் குளிர்விப்பு நீர் எடுக்கும் ஆலைகளுக்கான விதியிலும் இந்த எண்தான் இருக்கிறது. நம் 231 லிட்டருக்கு இந்த வேகத்தில் 1.54 சதுர மீட்டர் திறந்த பரப்பு வேண்டும். 2 மி.மீ. இடைவெளியும் 2 மி.மீ. கம்பியும் கொண்ட உருளைச் சல்லடையில் பாதிப் பரப்பைக் கம்பியே அடைத்துக்கொள்ளும், ஆக 3.1 சதுர மீட்டர். எந்த நேரமும் பாதி அடைபட்டிருக்கும் என்று கருதி வடிவமைத்தால் 6.2. ஒரு மீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள இரண்டு உருளைகளில் இது அடங்கிவிடும்.

பரப்பு கிடைத்தாலும் ஆழம் கிடைக்க வேண்டுமே. உருளைக்கு மேலும் கீழும் அதன் விட்டத்தில் பாதியாவது இடைவெளி விட வேண்டும். ஆகவே ஆறு மிகவும் வற்றிய நாளிலும் அந்த இடத்தில் 2 மீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்காகத்தான் ஆற்று வளைவின் வெளிப்பக்கத்தைத் தேடுகிறோம். உள்வளைவில் மணல் ஒதுங்கும். ஆனால் வெளிவளைவில் கரை அரிக்கும், வெள்ளத்தில் வரும் மரங்களும் அந்தப் பக்கமே மோதும். ஆழம் போதாத இடங்களில் குறுக்கே தடுப்பணை கட்டலாம் என்ற யோசனை வரும். வந்த கணத்திலேயே மீன் ஏறும் வழி, மேல்பக்க வெள்ளமட்டம், வண்டல் தேக்கம் என்று மதிப்பீடு மூன்று மடங்கு பெருகும்.

நேரடி உறிஞ்சல் அறிக்கைகளில் பெரும்பாலும் விடுபடுவது பராமரிப்புத் தூர்வாரல். முகப்பில் மணல் சேரும், அதை அள்ளித்தான் ஆக வேண்டும். அந்த அளவையும், எந்த மாதத்தில் அள்ளுவது, எங்கே கொட்டுவது என்பதையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்க்காவிட்டால், ஒவ்வொரு முறையும் புதிதாக அனுமதி கேட்டு நிற்க நேரும். மீன் முட்டையிடும் பருவத்தில் ஆற்றுக்குள் இறங்கவே விடமாட்டார்கள். முகப்பு அடைபடுவதோ பருவம் பார்த்து வராது.

சேகரிப்புக் கிணறு

1930களில் லியோ ரானி என்ற பொறியாளர் குடிநீருக்குக் கொண்டுவந்த முறை இது. 4 முதல் 6 மீட்டர் உள்விட்டமுள்ள கான்கிரீட் உறையை வளையம் வளையமாகக் கட்டி, உள்ளே மண்ணை அள்ள அள்ள அதன் எடையாலேயே இறக்குவார்கள். அடியை நீருக்குள்ளேயே கான்கிரீட் போட்டு மூடி, உறையில் முன்பே விட்ட துளைகள் வழியாகத் துளைக்குழாய்களை ஹைட்ராலிக் ஜாக்கால் கிடைமட்டமாகத் தள்ளுவார்கள். ரானி முறையில் துளையிட்ட குழாயே நேராகத் தள்ளப்படும். ஃபெல்மான் முறையில் முதலில் முழுக்குழாயைத் தள்ளி, உள்ளே சல்லடைக் குழாயைச் செருகி, வெளிக்குழாயை உருவி எடுப்பார்கள். பிரோய்சாக் முறையில் இரண்டுக்கும் நடுவே ஜல்லியும் நிரப்பலாம். மணல் சன்னமாக இருந்தால் பின்னிரண்டில் ஒன்றுதான் சரிப்படும். ரானி முறையில் சல்லடைத் துளையைக் கைக்குக் கிடைத்த மணலுக்கேற்ப மாற்ற முடியாது.

சாதாரண ஆழ்துளைக் கிணற்றில் சல்லடை நுழைவேகம் வினாடிக்கு 0.03 மீட்டர் வரை அனுமதிப்பார்கள். இங்கே 0.005 மீட்டருக்கு வடிவமைப்பது வழக்கம். குறைந்த பராமரிப்பின் வேர் அதில்தான் இருக்கிறது. நம் அளவுக்கு 46 சதுர மீட்டர் திறந்த பரப்பு ஆகிறது. 300 மி.மீ. குழாயில் 20 சதவீதம் துளையென்றால் மீட்டருக்கு 0.188 சதுர மீட்டர். மொத்தம் சுமார் 245 மீட்டர். இதை ஆறு துளைக்குழாய்களாக (இவற்றைக் கைகள் என்பார்கள்) பிரித்தால் ஒவ்வொன்றும் 41 மீட்டர். ஒவ்வொரு கைக்கும் கிணற்றுக்குள் தனி வால்வு கட்டாயம். ஒன்றை மூடிவிட்டு மற்றவற்றை ஓட்டவும், எந்தக் கை தளர்ந்திருக்கிறது என்று அளக்கவும் வேறு வழியில்லை.

இந்த முறையில் மீன் அத்தியாயம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஆற்றுக்குள் கட்டுமானம் இல்லை, தற்காலிக அணை இல்லை, தூர்வாரல் இல்லை. வெள்ளக் கலங்கலும் பாதிக்காது. 200 என்.டி.யூ. (கலங்கலை அளக்கும் அலகு) கலங்கலை லிட்டருக்கு 200 மில்லிகிராம் மண் என்று குறைவாகவே எடுத்துக்கொண்டாலும், நேரடி உறிஞ்சலில் அன்று சுத்திகரிப்பு நிலையத்துக்குள் 4 டன் காய்ந்த மண் வருகிறது. அதைத் தெளியவைத்து, சேறாக்கி, கொட்ட இடம் தேட வேண்டும். சேகரிப்புக் கிணற்றில் அந்த மண் ஆற்றிலேயே நின்றுவிடும். நோய்க்கிருமி வடிகட்டலுக்கும் மதிப்பு உண்டு: அமெரிக்காவின் 2006ஆம் ஆண்டு விதி, தகுந்த மணலில் 7.6 மீட்டர் பயணத்துக்குக் கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்கு ஒட்டுண்ணியின் நீக்கத்தில் அரை லாக், 15.2 மீட்டருக்கு ஒரு லாக் (அதாவது பத்தில் ஒன்பது பங்கு நீக்கம்) கணக்கில் தருகிறது.

1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் அருகே இரசாயனக் கிடங்கு எரிந்து ரைன் நதி நஞ்சானபோது கீழ்ப்பகுதி நீர்நிலையங்கள் உறிஞ்சலை நிறுத்தின. அப்படி ஒரு நஞ்சலை வரும்போது, படுகை வழியாக நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ நகர்ந்து வரும் நீர், சோதித்துப் பார்த்து முடிவெடுக்க அவகாசம் தரும். நேரடி உறிஞ்சலில் அந்த அவகாசம் வேண்டுமென்றால் கரையில் சில நாள் தேவைக்கான தேக்கத்தைத் தனியே கட்ட வேண்டும்.

எல்லாம் படுகையில்தான் இருக்கிறது

மேலே சொன்ன எல்லா நன்மையும் ஒரே எண்ணைச் சார்ந்தவை: படுகையின் மேல் அரை மீட்டர் எவ்வளவு நீர் விடுகிறது என்பது. நீரை உள்ளே இழுக்கும்போது சன்னமான வண்டலும் கூட இழுபட்டு மேற்பரப்பில் படிகிறது. வெள்ளம் வந்து படுகை மணலைப் புரட்டிப்போட்டால் அந்தப் படிவு கழன்றுவிடும். புரளாத இடத்தில் அது இறுகும். ஜெர்மனியின் டியூசெல்டோர்ஃபில் 1870 முதல் ரைன் கரையில் இப்படி நீர் எடுக்கிறார்கள். அங்கே மூழ்குகூண்டில் இறங்கிப் படுகையை நேரில் பார்த்தபோது, கிணறுகளை ஒட்டிய கரைப்பகுதி அடைபட்டும், மணல் உருளும் நடு ஆறு திறந்தும் இருந்தது தெரியவந்தது. ஆகவே மேலே அணை கட்டி வெள்ளம் அடக்கப்பட்ட ஆறுகளிலும், தடுப்பணைத் தேக்கத்தின் ஓரத்திலும் சேகரிப்புக் கிணறு வைக்க நான் பரிந்துரைக்கமாட்டேன், முதல் சோதனையில் நீர் எவ்வளவு நன்றாக வந்தாலும்.

அதிகம் இறைத்து நீர்மட்டத்தைப் படுகைக்கும் கீழே இறக்கிவிடுவது இன்னொரு தவறு. ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே ஈரம் குறைந்த ஓர் அடுக்கு உருவானதும், மேற்கொண்டு எவ்வளவு இறக்கினாலும் வரத்து கூடாது. அடைப்பு மட்டும் இறுகும். இயக்க விதியில் கீழ்மட்ட வரம்பை இதை வைத்தே எழுத வேண்டும்.

சோதனையை இப்படி அமைக்கலாம். கரையில் ஒரு சோதனைக் கிணறு. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு வரிசையாகவும் கரை நெடுக ஒரு வரிசையாகவும் பீசோமீட்டர்கள், அதாவது நிலத்தடி நீர்மட்டம் அளக்கும் மெல்லிய குழாய்கள். அவற்றில் குறைந்தது இரண்டு படுகைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆறு குறைந்திருக்கும் பருவத்தில் குறைந்தது 72 மணி நேரம் இடைவிடாமல் இறைக்க வேண்டும்; மட்டம் நிலைக்காவிட்டால் நிலைக்கும்வரை. வெள்ளக்காலத்தில் செய்த சோதனை ஆற்றின் நல்ல முகத்தை மட்டுமே காட்டும். ஒவ்வொரு பீசோமீட்டரிலும் வெப்பநிலையும் மின்கடத்துதிறனும் தொடர்ந்து பதிவாக வேண்டும். ஆற்று நீரின் பங்கும் அது வந்து சேரும் காலமும் அதிலிருந்து தெரியும்.

வெப்பநிலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. 25 டிகிரி நீரின் பிசுபிசுப்பு 0.89 மில்லிபாஸ்கல்-வினாடி, 5 டிகிரியில் 1.52. ஒரே மட்ட இறக்கத்துக்குக் குளிர்காலத்தில் 41 சதவீதம் குறைவாகத்தான் வரும். வெப்பநாட்டில் 30 டிகிரிக்கும் 20 டிகிரிக்கும் இடையிலேயே 20 சதவீதம் போய்விடும். ஆகவே வற்றிய, குளிர்ந்த ஆற்றுக்கு வடிவமைக்க வேண்டும். பல ஆண்டுக்கால அடைப்பைப் பொறுத்தவரை மாதிரிக் கணிப்புகளை நான் அதிகம் நம்புவதில்லை. சில நாள் சோதனையிலிருந்து முப்பது ஆண்டை நீட்டிப் பார்க்க முடியாது. அதே ஆற்றில் ஏற்கெனவே ஓடும் பழைய கிணறு ஒன்றின் பதிவு கிடைத்தால் அதுவே சிறந்த சாட்சி.

கட்டிய பிறகு வரத்து குறைந்தால், அடைபட்டது படுகையா குழாயா என்று கண்டுபிடித்தாக வேண்டும். கைக்குழாய்க்கு வெளியே ஒட்டினாற்போல் ஒரு பீசோமீட்டர் வைத்திருந்தால் வேலை எளிது. வெப்பநிலையைச் சரிசெய்து, ஒரே இறைப்பு வீதத்தில் ஒப்பிடுங்கள். ஆற்றுக்கும் பீசோமீட்டருக்கும் உள்ள மட்ட வித்தியாசம் வளர்ந்தால் படுகை அடைகிறது. பீசோமீட்டருக்கும் கிணற்றுக்கும் உள்ள வித்தியாசம் வளர்ந்தால் சல்லடை அடைகிறது. பெரும்பாலும் இரும்புப் படிவும் இரும்புப் பாக்டீரியாவும். சல்லடையை வால்வு மூடி உயர்அழுத்த நீர்த்தாரையால் கழுவலாம். படுகைக்குச் செய்யக்கூடியது இறைப்பைக் குறைத்து அடுத்த வெள்ளத்துக்குக் காத்திருப்பதுதான். உழுதுவிட நினைத்தால், தவிர்த்துவிட்டோம் என்று எண்ணிய ஆற்றுவேலை அனுமதி திரும்ப வாசலில் நிற்கும்.

‘இது நிலத்தடி நீர்தானே’ என்ற வாதம்

சேகரிப்புக் கிணறு ஆற்றின் குறைந்தபட்ச ஓட்ட நிபந்தனைக்குள் வராது என்று விண்ணப்பத்தில் எழுதுபவர்கள் உண்டு. எழுதாதீர்கள். கிணறு இறைக்கும் நீரில் ஆற்றின் பங்கைக் கணக்கிட 1954இல் குளோவர், பால்மர் தந்த சமன்பாட்டில், மணலடுக்கு முழுவதன் நீர்கடத்துதிறன் நாளுக்கு 2,000 சதுர மீட்டர், மட்டம் இறங்கும்போது மணல் விடும் நீரின் பங்கான நீர்விடுதிறன் 0.2 என்று இட்டுப் பாருங்கள். கரையிலிருந்து 50 மீட்டரில் இறைத்தால் முதல் நாள் முடிவிலேயே 72 சதவீதமும், பத்தாம் நாளில் 91 சதவீதமும் ஆற்றின் கணக்கில் விழும். 500 மீட்டர் தள்ளிப்போனால் முப்பதாம் நாளில்தான் பாதியைத் தொடும். ஆனால் இறைப்பை நிறுத்திய பிறகும் ஆறு வெகுநாள் இழந்துகொண்டிருக்கும். வற்றும் ஆற்றில் உடனே நிறுத்த முடிவது நேரடி உறிஞ்சலின் உண்மையான பலம், அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். கிணற்றைக் கரைக்கு அருகில் வைக்க இதுவும் ஒரு காரணம்.

கிணற்றின் பக்கம் உள்ள மற்றச் செலவுகள்: நீர்மட்டம் 8 மீட்டர் இறங்கினால், 75 சதவீதத் திறனில் 24 கிலோவாட், ஆண்டுக்குச் சுமார் 2.1 லட்சம் யூனிட் கூடுதல். கரிமப் பொருள் மிகுந்த படுகையில் ஆக்சிஜன் தீர்ந்து மாங்கனீசும் இரும்பும் கரைந்து வரும்; காற்றூட்டலும் வடிகட்டியும் அப்போது தேவைப்படும். கரையோரச் சதுப்பும் அக்கம்பக்கத்துக் கிணறுகளும் வற்றக்கூடும். மீனுக்குப் பதிலாக மதிப்பீட்டில் இந்த அத்தியாயம்தான் தடிக்க வேண்டும்: இறைப்பு தொடங்கும் முன்பே ஓராண்டு முழுவதுமான மட்டப் பதிவு இல்லாமல், பின்னால் வரும் புகாருக்குப் பதில் சொல்ல முடியாது. பல கிணறுகள் தேவைப்படும் பெரிய திட்டத்தில், அமெரிக்காவின் லூயிவில் நகரம் ஒகையோ ஆற்றின் கரையில் செய்ததுபோல, கிணறுகளைச் சுரங்கத்தால் இணைத்து ஒரே பம்பு நிலையத்தில் எடுத்தால் கரை நெடுகக் கட்டடங்கள் வேண்டியதில்லை.

பாறைப் படுகை, களிமண் கரை, 10 மீட்டருக்கும் குறைந்த மணல் தடிமன், அணைத் தேக்கம் ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் நேரடி உறிஞ்சலுக்கே போங்கள். இல்லையென்றால் சோதனைக் கிணற்றை மாற்றுவழி ஒப்பீட்டுக்கு முன்பே தோண்டுங்கள், பின்பு அல்ல. அனுமதி நிபந்தனையில் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்: ஒரு மீட்டர் மட்ட இறக்கத்துக்குக் கிடைக்கும் நீர் தொடக்க அளவில் 20 சதவீதம் குறைந்தால் சல்லடையைக் கழுவுவது; படுகை பீசோமீட்டர் வரம்பைத் தொட்டால் இறைப்பு தானாகவே குறைவது.